முதல் முறை வெண்பன்றி வளர்ப்போருக்கு: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறியும் வழி

ஆடும் மாடும் வளர்த்துப் பழகிய திருநெல்வேலிச் சீமை வீடுகளில் வெண்பன்றி புதிதாக வந்து சேரும்போது, அதன் உடம்பையும் ஆட்டின் உடம்பாகவே எண்ணிப் பராமரிப்பதால்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. வெள்ளாடு மானூர்ப் பொட்டலில் நாள் முழுவதும் வெயிலில் மேய்ந்து திரும்பும். பன்றிக்கோ வேலை செய்யும் வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு என்பதால் உடல் சூட்டை வெளியேற்ற அது மூச்சையும் ஈரத்தையும் மட்டுமே நம்பியிருக்கிறது. மாட்டைப் போல அசைபோடும் வயிறும் அதற்குக் கிடையாது. நமக்கு இருப்பதைப் போன்ற ஒற்றை இரைப்பைதான். இந்த இரண்டையும் மனத்தில் கொண்டால் கீழே வரும் குறைகளில் பாதிக்கு மேல் மருந்துக் கடைக்குப் போகாமலே சரிசெய்துவிடலாம். மீதியுள்ளவற்றில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாதவையும் உண்டு. அவற்றைப் பிரித்தறிவதுதான் புதிதாக வளர்ப்பவர் கற்க வேண்டிய முதல் பாடம்.

எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் மூன்று செய்திகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நலிவு ஒரு பன்றிக்கு மட்டுமா, பலவற்றுக்கா என்பது ஒன்று. கடந்த ஒரு நாளில் அது தண்ணீர் குடித்ததை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்பது இரண்டு. மூன்றாவது உடல் வெப்பம். நாம் வீட்டில் வைத்திருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைப் பன்றிக்கென்றே ஒதுக்கி, முனையில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயினுள் பக்கச் சுவரைத் தொடும்படி வைத்துப் பார்க்க வேண்டும். 101.5 முதல் 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 104-ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று கொள்ளலாம். நண்பகலில் பார்த்தால் வெயிலின் சூடும் சேர்ந்து காட்டும் என்பதால், விடியற்காலை அளவையே நம்புங்கள்.

தீனியை முகர்ந்துவிட்டு ஒதுங்குகிறது

வாங்கி வந்த முதல் இரண்டு நாள்களில் குட்டி சரியாகத் தின்னாமல் இருப்பது வண்டிப் பயணத்தின் அயர்ச்சியாலும் இடமாற்றத்தாலும் வருவது. நல்ல தண்ணீரும் நிழலும் கொடுத்துத் தனியே விட்டால் தானே சரியாகும். அதற்குப் பின்னும் ஒதுங்கினால் வெப்பம் பாருங்கள். காய்ச்சல் இல்லையென்றால் குறை பெரும்பாலும் தொட்டியில்தான் இருக்கும். முந்தைய நாள் மிச்சத்தின் மேலேயே புதுத் தீனியைக் கொட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. நம் ஊர் வெக்கையில் கழனித்தண்ணீரும் சோறும் அரை நாளில் புளித்துவிடும். தொட்டியை வழித்துக் கழுவிக் காயவிட்டு, தீனியைக் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் வையுங்கள். சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே வளர்ந்த பன்றி தின்பதைக் குறைத்துக்கொள்ளும், ஏனெனில் செரிமானமும் உடலில் சூட்டை உண்டாக்குவதே.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த அறிகுறி தோன்றினால் கடலைப் பிண்ணாக்கை உடைத்துப் பாருங்கள். உட்பக்கத்தில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம் தெரிந்தாலோ, மக்கிய நெடி அடித்தாலோ, அந்த மூட்டையைத் தீனியாகப் பயன்படுத்தவே கூடாது. அந்தப் பூஞ்சணம் சுரக்கும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைப்பதாலும் வேகவைப்பதாலும் அது நீங்காது.

வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது. கழிவிலேயே புரண்டு கிடக்கிறது

பன்றி அழுக்கில் கிடக்க விரும்பும் பிராணி என்பது தவறான எண்ணம். இடம் கொடுத்தால் அது ஈரமான ஒரு மூலையைத் தேர்ந்து அங்கேயே கழித்துவிட்டு, உலர்ந்த மறுபக்கத்தில் படுக்கும். கழிவில் கிடக்கிறதென்றால் அந்த ஈரத்தைத் தவிர உடம்பைக் குளிரவைக்க வேறு வழி அதற்குக் கொட்டிலில் இல்லை என்று பொருள். ஓய்வாகப் படுத்திருக்கும் பன்றியின் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-ஐ ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்க வேண்டியது 50-ஐத் தாண்டினால் அது வெப்பத்தால் தவிக்கிறது.

சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக் கொட்டிலுக்குள் நின்று பார்த்தால் இதன் காரணம் நமக்கே விளங்கும். கூரையின் மேல் பனையோலையோ தென்னங்கீற்றோ கனமாகப் பரப்பிக் கட்டுங்கள்; மேற்குப் பக்கத்தில் கோணிப் படுதா தொங்கவிட்டு நனையுங்கள்; தரையின் ஒரு பக்கத்தில் முழங்கால் அளவுக்கும் குறைவான ஆழத்தில் புரள்தொட்டி ஒன்று கட்டி நாள்தோறும் நீர் மாற்றுங்கள். ஆனி, ஆடியில் காற்று வீசும் நாள்களில் கொட்டிலின் காற்றுவழியை மறைத்து எதையும் கட்டாமல் இருப்பதே பெரும் உதவி.

பன்றி ஏற்கெனவே சாய்ந்து விழுந்துவிட்டதென்றால், பதற்றத்தில் குடம் குடமாகக் குளிர்ந்த நீரை மேலே கொட்டிவிடாதீர்கள். அந்த அதிர்ச்சியிலேயே உயிர் போவதுண்டு. விழுந்த இடத்திலேயே நிழல் கட்டி, கால்களையும் அடிவயிற்றையும் காதுகளையும் முதலில் நனைத்து, விசிறிக் காற்று படும்படி செய்து, சிறிது சிறிதாக உடம்பு முழுவதையும் ஈரமாக்க வேண்டும். எழுப்பி நடத்த முயலக் கூடாது. பன்றியை வாங்கிக் கொண்டுவருவதும் விற்பதும் இக்காலத்தில் இரவிலோ விடியலிலோதான் நடக்க வேண்டும்.

சுவரில் முட்டுகிறது, பின்னோக்கி நடக்கிறது, வலிப்பு வருகிறது

இந்த அறிகுறிக்கு நான் மற்றெல்லாவற்றையும்விடக் கூடுதல் இடம் தருகிறேன், ஏனெனில் நம் சீமையின் மண்ணும் வெயிலும் சேர்ந்து இதை எளிதாக உண்டாக்கிவிடுகின்றன. பார்வை மங்கியதுபோல் நிற்கும், கூப்பிட்டால் திரும்பாது, தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கும், பின் மூக்கு நுனி துடிக்கத் தொடங்கி, தலை மேல்நோக்கி வளைய, நாயைப் போல் பின்புறத்தால் உட்கார்ந்து, அப்படியே பின்னோக்கித் தள்ளாடிச் சாய்ந்து வலிப்பு வரும். கண்ணேறு என்றோ விஷக்கடி என்றோ பலர் எண்ணும் இந்தக் காட்சிக்குப் பெரும்பாலும் காரணம் உப்பு நஞ்சாதல்தான். அதாவது, உடலில் உப்பு சேர்ந்து தண்ணீர் குறைந்துபோன நிலை.

உப்பு எங்கிருந்து வருகிறது என்றால், உணவகக் கழிவில் ஊறுகாயும் அப்பளமும் சாம்பாரும் இருக்கின்றன. கடலோரத்தில் மலிவாகக் கிடைக்கும் கருவாடு உப்பிட்டது. இராதாபுரம், திசையன்விளைப் பக்கத்தில் கிணற்று நீரே பல இடங்களில் உவர்ப்பு. ஆயினும் தண்ணீர் போதுமான அளவு குடித்தால் பன்றி உப்பைக் கழித்துவிடும். ஆகவே உண்மையான கேள்வி, தண்ணீர் ஏன் குடிக்கவில்லை என்பதுதான். தொட்டியில் நீர் நிரம்பியிருக்கிறதே என்று வளர்ப்பவர் சொல்வார். நண்பகலில் போய் அந்த நீரில் கையை விட்டுப் பாருங்கள். மாடித் தொட்டியிலிருந்து தரைமேல் ஓடிவரும் கறுப்புக் குழாயில் வெயில் ஏறி, திறந்தவுடன் வரும் நீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். பன்றி மூக்கை வைத்து இழுத்துக்கொண்டு போய்விடும், நாமோ தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து மன நிறைவோடு திரும்புவோம். குழாயை மண்ணுக்குள் புதைப்பதும், தொட்டியை நிழலில் வைப்பதும், பகலில் இரண்டு முறை நீரைக் கொட்டி மாற்றுவதும் இதற்குப் போதும். முலைக்காம்பு வடிவக் குடிநீர்க் குழாய் பொருத்தியிருந்தால் உவர்நீரின் உப்புப் படிந்து அது அடைத்துக்கொள்கிறதா என்று நாள்தோறும் அழுத்திப் பாருங்கள்.

நோய் கண்ட பன்றிக்கு உடனே தொட்டி நிறையத் தண்ணீர் வைக்கத் தோன்றும். அதுவே அதைக் கொன்றுவிடும், ஏனெனில் உப்பு நிறைந்த மூளைக்குள் நீர் விரைந்து புகுந்து வீக்கத்தைக் கூட்டும். உப்புள்ள தீனியை முழுவதும் நிறுத்திவிட்டு, சற்று நேரத்துக்கு ஒரு முறை சில மிடறுகளாக நல்ல நீரைக் கொடுத்துக்கொண்டே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை அவசர ஊர்தியின் எண் 1962. மற்றப் பன்றிகளுக்கும் வலிப்பு இன்னும் வரவில்லை என்பதற்காக அவற்றை ஒரே நேரத்தில் குடிக்க விட்டுவிடாதீர்கள். அவையும் அதே தொட்டியில் தின்றவைதாம்.

காய்ச்சலோடு வலிப்பு வந்தால் இது வேறு நோய். அடுத்த பகுதியைப் பாருங்கள்.

தோல் சிவந்திருக்கிறது, அல்லது நீலம் பாய்ந்திருக்கிறது

எங்கே சிவந்திருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. முதுகின் மேற்புறத்திலும் காதின் வெளிமடலிலும் மட்டும் சிவந்து, வயிற்றின் அடியும் தொடையின் உட்புறமும் வழக்கமான வெளுப்போடு இருந்தால் அது வெயில் கருக்கியது. நாம் வளர்க்கும் வெண்பன்றியான யார்க்ஷயர் இனத்தின் மெல்லிய வெள்ளை முடி நம் வெயிலைத் தடுக்காது. முதுகில் கையை வைத்ததும் பன்றி நெளிந்து தாழும். சில நாள்களில் தோல் செதில் செதிலாக உரியும். நிழலில் அடைத்து, மாலையில் கழுவிவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறும்.

இதற்கு மாறாக, காது நுனியிலும் அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும், அதாவது வெயில் படாத இடங்களில், செம்மையோ கத்தரிப்பூ நிறமோ பரவி, காய்ச்சல் 105-க்கு மேல் நின்று, பன்றிகள் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து கிடந்து, பின்கால் தள்ளாட நடந்தால், அதைப் பன்றிக் காய்ச்சல் என்று கருதியே எல்லா முடிவுகளையும் எடுக்க வேண்டும். பழைய வகைப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. குட்டிக்கு இரண்டு, மூன்று மாத வயதில் போடுவது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கோ நம் நாட்டில் வளர்ப்போர் போட்டுக்கொள்ளத்தக்க தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்த நோய் 2022-இல் கேரளத்தின் வயநாட்டுக்கு வந்தது. நமக்கு மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம்தான் என்பதை நினைவில் வையுங்கள். இவ்விரண்டு காய்ச்சலும் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நம் செருப்பிலும் வாளியிலும் தீனி வண்டியிலும் ஏறி அடுத்த கொட்டிலுக்குப் போகும்.

கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆய்வகச் சோதனைதான் சொல்லும். ஆகவே எதையும் விற்காமல், அறுக்காமல், இடம் மாற்றாமல் அன்றைக்கே அரசுக் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய தொற்றுநோயைத் தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமையும்கூட. ஆப்பிரிக்கக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவு நோய்ப் பகுதியாகவும் பத்துக் கிலோமீட்டர் கண்காணிப்புப் பகுதியாகவும் அறிவிக்கப்படும். நட்டம் வந்துவிடுமே என்று பயந்து நலிந்த பன்றியை அவசரமாகத் தள்ளிவிடுவோர் உண்டு. அப்படி விற்ற ஒரு பன்றி ஒரு வட்டாரத்தையே காலி செய்யும் என்பதால் இதில் இரக்கத்துக்கோ சாக்குக்கோ இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. இறந்ததை ஆற்றிலோ குளத்திலோ எறியாமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

இந்தத் தொற்று கொட்டிலுக்குள் நுழையும் பெரிய வாசல் வேகவைக்காத உணவகக் கழிவும் இறைச்சிக் கடைக் கழிவும்தான். இறைச்சிக் கழிவை அறவே தவிருங்கள். மற்றதை அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்து ஆற்றிய பிறகே ஊற்றுங்கள்.

தோலில் சாய்சதுர வடிவில் மேடான சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் அது செவ்வக்கி எனப்படும் வேறு நோய். பெனிசிலின் ஊசிக்கு நன்கு கேட்கும். ஆனால் நம் கையில் உள்ள புண் வழியாக நமக்கும் தொற்றும் என்பதால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

கழிச்சல்

புதிதாக வாங்கிய குட்டிக்கும் பால் மறக்கடித்த குட்டிக்கும் கழிச்சல் வருவதற்குத் தீனியைத் திடீரென்று மாற்றுவதே முதற்காரணம். பழைய இடத்தில் என்ன தின்றது என்று கேட்டு, அதையே சில நாள் கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக நம் தீனிக்கு மாற்றுங்கள். கழிச்சல் கண்டால் தீனியைப் பாதியாக்கி, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து நாள் முழுதும் குடிக்க வையுங்கள். பால்குடிக் குட்டி மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நீராய்க் கழிந்தால் அது கிருமித் தொற்று. அத்தனை சிறிய உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும் என்பதால் மருத்துவரை அழைப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். கழிவில் இரத்தம் தெரிந்தாலும் அப்படியே.

தின்கிறது, ஆனால் தேறவில்லை

தேறவில்லை என்பதைக் கண்மதிப்பில் சொல்லாமல் அளந்து சொல்லுங்கள். தராசு இல்லாவிட்டாலும் தையல் நாடா போதும். முன்கால்களுக்கு ஒட்டிப் பின்புறம் மார்புச் சுற்றளவையும், இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளத்தையும் மீட்டரில் எடுத்து, சுற்றளவை அதே எண்ணால் ஒரு முறை பெருக்கி, பிறகு நீளத்தாலும் 69.3-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 0.90, நீளம் 0.95 என்றால் எடை சுமார் 53 கிலோ. மாதம் ஒரு முறை அளந்து எழுதி வைத்தால் குறை தொடங்கிய மாதம் தெரிந்துவிடும்.

தவிடும் கழனியும் வாழைத்தண்டும் மட்டும் தின்னும் பன்றிக்கு வயிறு நிறையும், சதை பிடிக்காது, ஏனெனில் புரதம் போதாது. வளரும் பன்றிக்கு நூறு கிலோ கலவையில் மக்காச்சோளமோ கம்போ 50 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 20, தவிடு 22, உப்பிடாத கருவாட்டுத் தூள் 6, தாது உப்புக் கலவை ஒன்றரை, சாதாரண உப்பு அரை கிலோ என்று சேர்த்தால் புரதம் ஏறத்தாழ 18 விழுக்காடு வரும். ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழமும், களக்காட்டுப் பக்கம் கழித்துப் போடும் வாழைக்காயும் மாவுச்சத்துக்கு நல்லவை. பிண்ணாக்குக்கு மாற்றாக அவற்றைக் கருதக் கூடாது.

தீனி சரியாக இருந்தும் வயிறு மட்டும் தொங்கி, முடி சிலிர்த்து, அவ்வப்போது இருமினால் உருளைப் புழுவை நினையுங்கள். அதன் இளம்புழுக்கள் நுரையீரல் வழியே போவதால்தான் இருமல். இரண்டு மாத வயதில் முதல் குடற்புழு மருந்தும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தடுத்தவையும் கொடுத்து, கழிவை நாள்தோறும் அகற்றுங்கள். பன்றியைத் தெருவில் மேய விடவே கூடாது என்பதற்கும் புழுவே காரணம்: மனிதக் கழிவைத் தின்னும் பன்றியின் சதையில் நாடாப்புழுக் கட்டிகள் உண்டாகும், அந்தச் சுழற்சி மனிதர் மூளையில் கட்டியாகி வலிப்பில் போய் முடிவதுண்டு.

சொறிகிறது, நொண்டுகிறது, வாலைக் கடிக்கிறது

காதின் உட்புறத்தில் பழுப்பு நிறப் பொருக்கு இருந்தால் சொறி உண்ணி. வேப்பெண்ணெய் அரிப்பைத் தணிக்கலாம், ஆனால் தோலுக்குள் துளைத்திருக்கும் உண்ணியை அது முடிக்காது. மருத்துவர் போடும் ஐவர்மெக்டின் ஊசியை இரண்டு வாரம் கழித்து மறுமுறையும், கொட்டிலில் உள்ள எல்லாப் பன்றிகளுக்கும் போட வேண்டும். நொண்டினால் குளம்பிடுக்கைப் பாருங்கள்: சொரசொரத் தரை தேய்த்த புண்ணா, மூக்கிலும் சேர்ந்து கொப்புளம் இருக்கிறதா என்று. கொப்புளம் இருந்தால் கோமாரி. பக்கத்துத் தொழுவில் உள்ள மாடுகளுக்கும் ஆபத்து. வால் கடிப்பது நெருக்கடியின் அறிகுறி. ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட பன்றி ஒன்றுக்கு ஒன்றரைச் சதுர மீட்டராவது இடம் கொடுங்கள்.

பருவத்துக்கு வரவில்லை, சினை பிடிக்கவில்லை

எட்டு மாதத்துக்கு முன் சினையை எதிர்பார்க்க வேண்டாம். பருவம் 21 நாளுக்கு ஒரு முறை வந்து இரண்டு மூன்று நாள் நிற்கும். இடுப்பின் மேல் இரு கைகளாலும் அழுத்தும்போது காதை விறைத்து அசையாமல் நின்றால் அதுவே சேர்க்கும் காலம். தொடங்கிய இரண்டாம் நாள் சிறந்தது. கோடையில் பருவம் தவறுவதும் சினை தங்காததும் வெப்பத்தால் நேர்வன. கொழுத்த பன்றிக்குத் தீனியைக் குறைக்க வேண்டும். ஒரே ஈற்றில் பிறந்த கிடாவோடு சேர்ப்பதைத் தவிருங்கள்.

ஈன்ற பின் குட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன

சினைக்காலம் 114 நாள். ஈனும் அறைக்குள் சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி, தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் ஒரு குழாய்த் தடுப்பு ஓடாவிட்டால், தாய் சாய்ந்து படுக்கும்போது சுவரோரம் சிக்கிய குட்டி நசுங்கும். முதல் இரண்டு மூன்று நாள்களில் நேரும் இறப்புகளில் பெரும்பங்கு இப்படித்தான். குளிர்ந்த குட்டி தாயின் வயிற்றையே ஒட்டிக் கிடப்பதால் இது கூடுகிறது என்பதால், மூலையில் வைக்கோல் பரப்பி 100 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, குட்டிகளை அங்கே படுக்கப் பழக்குங்கள். நம் ஊரில் குளிர் ஏது என்று எண்ண வேண்டாம். பிறந்த குட்டிக்கு 32 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்தாலே குளிர்தான். மார்கழி இரவு அதைக் கொல்லப் போதும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் முக்கியும் அடுத்த குட்டி வராவிட்டால் மருத்துவரை அழையுங்கள். ஈன்ற தாய் குட்டிகளை அண்ட விடாமல் குப்புறப் படுத்தால் மடியைத் தொடுங்கள். கல்போல் இறுகிச் சுட்டால் மடிவீக்கம், அன்றே ஊசி தேவை. சீம்பால் முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டிக்கும் கிடைத்ததா என்று பாருங்கள். சவலைக் குட்டியைக் கையால் பிடித்து முன்காம்பில் விட வேண்டும்.

முதல் வாரம் தாண்டி நன்றாக இருந்த குட்டிகள் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் காதும் ஈறும் வெளுத்து, சிறிது ஓடியதும் மூச்சு வாங்கினால் அது இரத்தசோகை. தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு; குட்டிக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவதில் ஏழில் ஒரு பங்கே அதிலிருந்து கிடைக்கிறது. காட்டிலும் வயலிலும் திரியும் குட்டி மண்ணைக் கிளறித் தின்று மீதியைப் பெற்றுக்கொள்ளும். சிமெண்டுத் தரையில் பிறந்ததற்கு அந்த வழி இல்லை. மூன்றாம் அல்லது நான்காம் நாளில் இரும்புச்சத்து ஊசியை மருத்துவரைக் கொண்டு போட்டுவிடுங்கள். இரண்டாவது ஊசி பதினான்காம் நாள் தேவையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி தாமதமானால், பன்றிகள் நடமாடாத இடத்திலிருந்து செம்மண் வெட்டிவந்து வெயிலில் காயவைத்து, நாள்தோறும் ஒரு சட்டி அளவு குட்டிகளின் மூலையில் கொட்டி வையுங்கள்.